லேகியப் படம் போட்ட அமெரிக்கச் சரித்திரம்

நான் எழுதி அச்சில் வந்த முதல் விஷயம் அமெரிக்கச் சரித்திரம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. காரைக்காலிலிருந்து வடக்கே பூவம் வரைக்கும் மேற்கே அம்பகரத்தூர் வரைக்கும் போயிருக்கிறேன், அவ்வளவுதான். அமெரிக்கா எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டிருந்தால் கடலைக் காட்டியிருப்பேன். சைகோன், பினாங்கு என்று எங்கள் ஊர்க்காரர்கள் போன இடமெல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்தன. அமெரிக்காவும் அங்கேயே இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும் என்பது என் எண்ணம். நான் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. போகும்போது ஒரு துரைசானி வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்றுவிட்டு, யாரும் வாங்காத புத்தகங்களை மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தாள். பெரும்பாலும் சமையலும் தோட்டக்கலையும். நடுவில் ஒரு தடித்த புத்தகம், அட்டை போனது, முதல் சில பக்கங்களைக் கரையான் தின்றது. எழுதியவர் யார், புத்தகத்தின் பெயர் என்ன, எதுவும் தெரியாது. புரட்டிப் பார்த்தால் அமெரிக்கச் சரித்திரம். பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியவள் என்ற கர்வம் எனக்கு அப்போது நிறைய. வேறு யாரும் தொட மாட்டார்கள் என்பதாலேயே அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு கோடை விடுமுறை முழுக்கப் படித்தேன்.

போர்களெல்லாம் எனக்குத் தூக்கத்தை வரவழைத்தன. தூக்கம் கலைந்தது, உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு நியூயார்க் நகரத்தை ஆட்டிவைத்த ஓர் அரசியல்வாதியின் அத்தியாயத்தில். பெரிய சரீரம். கப்பலில் வந்து இறங்கும் ஏழைகளுக்கு முதலில் ரொட்டி, பிறகு வேலை, அதற்குப் பிறகு வோட்டுச்சீட்டு. நகரத்துக்கு ஒரு நீதிமன்றம் கட்ட ஆரம்பித்தார். கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். பூச்சு வேலை செய்தவர்களும் மேஜை நாற்காலி கொடுத்தவர்களும் அவருடைய நண்பர்கள். கட்டடம் வளர்ந்ததோ இல்லையோ, நண்பர்கள் வளர்ந்தார்கள். பத்திரிகைகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன, ஏனென்றால் நகராட்சி விளம்பரம் அவற்றுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு நாளிதழும், ஒரு வார இதழில் படம் போடும் ஓவியர் ஒருவருமாகச் சேர்ந்து அவரைக் கவிழ்த்தார்கள்.

இதை நான் தமிழில் எழுதி, எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த நாலு பக்கப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். அதன் ஆசிரியர் கடல் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன்மார் சைகோனில் துணிக்கடை வைத்திருக்க, இவர் மட்டும் ஊரில் அச்சுக்கூடம் வைத்துக்கொண்டார். வீட்டில் அதை ஒரு வியாதி மாதிரி மறைத்துப் பேசுவார்கள். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். எனக்கும் நானாதான். ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்துக்குப் பத்திரிகை தயாராக இருக்க வேண்டும். அதுதான் அவருடைய விற்பனைத் திட்டம் முழுவதும்.

"அமெரிக்காவா?" என்று கேட்டார் நானா. "நல்லதா போச்சு டீச்சர். அங்கேருந்து யாரும் நம்ம மேல கேஸ் போட வரமாட்டாங்க. வாரா வாரம் குடுங்க."

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவும் உடனே சம்மதித்தார். அந்தப் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை, ஆகவே பெண்ணுக்கு ஆபத்தில்லை என்பது அவர் கணக்கு.

முதல் சிக்கல் ஒரு வார்த்தையில் வந்தது. பிரெஞ்சுப் புத்தகம் அந்த மனிதரைப் பக்கத்துக்குப் பக்கம் 'பத்ரோன்' என்று அழைத்தது. முதலாளி என்று எழுதினேன். "முதலாளின்னா கடை வச்சிருக்கணும்" என்றார் நானா. தலைவர் என்று மாற்றினேன். "எந்தக் கட்சித் தலைவர்னு கேட்டு நாளைக்கே சண்டைக்கு வருவாங்க." எஜமான் என்றால் நாடகம் போல இருந்தது. கடைசியில் 'பெரியவர்' என்று போட்டேன். அடக்கமாக, மரியாதையாக, அதே சமயம் கொஞ்சம் நமுட்டுச் சிரிப்போடு இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது சிக்கல் எழுத்துப் பெட்டியில் இருந்தது. அச்சுக் கோப்பவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். அவர் என் முதல் கட்டுரையைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சரம்மா, இந்த அமெரிக்காக்காரங்க பேருல ஒண்ணுவிடாம ஜ, ஸ, ஷ வருது. எங்கிட்ட இருக்கிறது நாலு ஜ. அதுல ஒண்ணு மூக்கு உடைஞ்சது. ஷ ரெண்டே ரெண்டு. இந்தப் பேரையெல்லாம் கோத்தா மத்த பக்கத்துல மாஜிஸ்ட்ரேட்டு, ஜவுளிக்கடை ஒண்ணும் வராது."

"அப்ப என்ன செய்யறது, சொல்தா ஐயா?"

"பேரை எடுத்துடுங்க. பேர் இல்லாட்டி என்ன, நடந்தது நடந்ததுதானே?"

எடுத்துவிட்டேன். பெரியவர், பெரியவரின் நண்பர், ஓர் ஓவியர், ஒரு பத்திரிகை என்று எல்லோரும் பேரில்லாமல் ஆனார்கள். முதல் வாரம் தலைப்பின் கீழே 'அமெரிக்கச் சரித்திரத்திலிருந்து' என்று ஒரு வரி இருந்தது. இரண்டாம் வாரம் வாழைத்தார் ஏல அறிவிப்பு ஒன்று கடைசி நேரத்தில் வந்ததால் அந்த வரியை சொல்தா தூக்கிவிட்டார். மூன்றாம் வாரம் திரும்பப் போட மறந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அமெரிக்கப் பத்திரிகையில் படம் வந்தது என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா, நானாவுக்கும் படம் போட ஆசை வந்துவிட்டது. எங்களிடம் ஓவியர் கிடையாது. ஜீரண லேகிய விளம்பரத்துக்குச் செய்த பழைய மரக்கட்டை ஒன்று அலமாரியில் கிடந்தது. லேகியம் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு மனிதர் எப்படி இருந்தார் என்று காட்டும் படம். பானை வயிறு, முறுக்கு மீசை, கையில் தடி. லேகியம் சாப்பிட்ட பிறகு எப்படி ஆனார் என்பதற்கான கட்டை தொலைந்துபோயிருந்தது. நானா அந்த வயிற்றுக்காரரை என் கட்டுரைக்கு நடுவில் வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரிகை மூன்று மணிக்குள் தீர்ந்துவிட்டது. நானா திகைத்துப்போய், பத்திரிகைக் கட்டு ஏதாவது கீழே விழுந்து கிடக்கிறதா என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாராம். நான் மாலையில் பள்ளிக்கூடம் விட்டுப் போனபோது நாலைந்து பேர் வாசலில் நின்று பழைய பிரதி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பெரியவரைப் போட்டுக் கிழிச்சிருக்கீங்களாமே!" என்றார் ஒருவர், ரொம்பச் சந்தோஷமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கொம்யூனில் ஒரு மேர் இருந்தார். கொம்யூன் என்றால் ஊராட்சி மாதிரி, மேர் என்றால் அதன் தலைவர். ஆட்சி மாறினாலும் இந்தப் பெயர்கள் மாறவில்லை, பெரும்பாலும் ஆட்களும் மாறவில்லை. அது எந்தக் கொம்யூன் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் தங்கமானவர்கள். அந்த மேரை முகத்துக்கு நேரே மேர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஊர் முழுக்கச் சொல்லும் பெயர் பெரியவர். வயிறு உண்டு. மீசை உண்டு. தடியும் உண்டு.

இது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். 'பெரியவர்' என்ற வார்த்தையை எடுத்தபோது அவர் ஞாபகம் இருந்ததா என்றால், அதற்கு இன்றுவரை என்னால் சத்தியம் செய்து பதில் சொல்ல முடியவில்லை. எழுதும்போது கை எங்கே போகிறது என்பதை மனசு எப்போதும் முழுசாக ஒப்புக்கொள்வதில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை மேர் அச்சுக்கூடத்துக்கு வந்தார். நான் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். சொல்தா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மறுநாள் வரவேண்டிய என் கட்டுரையைக் கோத்துக்கொண்டிருந்தார். மேர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பத்திரிகையை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். படத்தைக் காட்ட யாரும் தேவைப்படவில்லை.

நானா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேர் உட்கார்ந்து, மடியில் பத்திரிகையை விரித்து, வயிற்றுக்காரர் மேல் விரலை வைத்தார்.

"என் வயிறு இப்படியா இருக்கு?"

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

"மேர் ஐயா, அது அமெரிக்காவுல நடந்த சங்கதிங்க" என்றார் நானா. "டீச்சர் பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுறாங்க. ஒரு வார்த்தை சொந்தமா இல்ல."

"பிரெஞ்சுப் புத்தகமா?" மேரின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சுக்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு என் பக்கம் திரும்பினார். "மத்மசேல், பிரெஞ்சுப் புத்தகத்துல என் மீசையா போட்டிருக்கான்?"

"படம் புத்தகத்துல இல்லீங்க ஐயா" என்றேன். "படம் லேகியம்."

"என்னது?"

நானா விளக்கினார். விளக்க விளக்க விஷயம் மோசமாகிக்கொண்டே போயிற்று. மேர் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு குரலைத் தணித்து, கல்யாண வீட்டில் பேசுகிற மாதிரி இனிமையாகப் பேச ஆரம்பித்தார். கொம்யூன் அறிவிப்புகள், படிவங்கள், ரசீதுப் புத்தகங்கள் எல்லாம் ஏன் புதுச்சேரியில் அச்சடித்து வர வேண்டும், உள்ளூரிலேயே நல்ல அச்சுக்கூடம் இருக்கும்போது? தான் இத்தனை நாள் அதை யோசிக்காமல் இருந்தது தன்னுடைய தப்புதான்.

"மத்மசேலும் பாவம், எத்தனை நாளைக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கிட்டிருப்பாங்க? புதுச்சேரியில மேல்படிப்பு படிக்கலாம். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். கெட்டிக்காரப் பொண்ணு. சரித்திரம், கிரித்திரம்னு கண்ணைக் கெடுத்துக்க வேணாம்."

அந்த நேரத்தில் சுவர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல்தா இருமினார் என்று மேர் நினைத்திருப்பார். எனக்கு மட்டும் தெரியும், அது இருமல் இல்லை. அந்தக் கணத்தில் சொல்தாவின் கையில் கோக்கப்பட்டுக்கொண்டிருந்தது இதுதான்: நியூயார்க் பெரியவரின் ஆட்கள் ஓவியரிடம் வந்து, இத்தனை திறமைசாலி இங்கே ஏன் கஷ்டப்பட வேண்டும், ஐரோப்பாவுக்குப் போய் ஓவியம் படியுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆசை காட்டிய பகுதி. நான் சொந்தமாகச் சேர்த்த ஒரு வரி கிடையாது. அந்த அமெரிக்கர்கள் அதைச் செய்தது எங்கள் மேர் பிறப்பதற்கு முன்னால்.

மேர் போன பிறகு சொல்தா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நானா சிரிக்கவில்லை. ஈரம் காயாத புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு அச்சுக்கூடத்தை மூன்று முறை சுற்றி வந்தார்.

"இதைப் போட்டா அவர் வந்து பேசினதை நாம எழுதிட்டதா ஆயிடும். போடாட்டா அவர் குடுத்ததை நாம வாங்கிக்கிட்டதா ஆயிடும். ஏன் டீச்சர், அந்த அமெரிக்கா ஆளுங்க ஓவியரைப் பார்க்க அடுத்த வாரம் போயிருக்கக் கூடாதா?"

"அறிவிப்பு அச்சடிக்கிற வேலை வேணும்னா சொல்லுங்க நானா. நான் எழுதறதை நிறுத்திக்கறேன்" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக நினைப்பு.

அவர் யோசித்தார். பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே யோசித்தார். நஷ்டத்தில் ஓடும் அச்சுக்கூடத்தை மூடு என்றுதான் சைகோன் அண்ணன்மார் கடிதம் எழுதுவார்கள் என்று எனக்கும் தெரியும். பிறகு சொல்தாவிடம், "ஏத்துங்க மிஷின்ல" என்றார். "வயித்துக்காரன் மட்டும் வேணாம். அது அந்த மனுஷனுக்கு நிஜமாவே வருத்தமா இருந்துச்சு."

படம் இல்லாமலே அந்த இதழ் தீர்ந்துபோயிற்று. இந்த முறை வாங்கியவர்கள் வேறு ஆட்கள். மேருக்கு வேண்டிய இரண்டு பேர் பள்ளிவாசல் தெருவில் நின்று மொத்தக் கட்டுகளையும் விலைக்கு வாங்கி, அரசலாற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நானா அவசரமாக இன்னொரு தடவை அடித்தார். அவர்கள் அதையும் வாங்கினார்கள். மூன்றாவது தடவை அடிக்கும்போது நானா பாட்டு முணுமுணுத்தார் என்று சொல்தா சொன்னார். பத்திரிகை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் இத்தனை பிரதி விற்றது கிடையாது. யாரோ போய் இதை மேர் காதில் போட, அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டுத் திட்டி நிறுத்தினாராம். ஆற்றில் போட்டவற்றில் பாதியைத் துறைக்குப் பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்து உலர்த்திப் படித்துவிட்டார்கள்.

ஊரில் எனக்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்துவிட்டது. சக டீச்சர்கள் காதோரம் வந்து, "தைரியம்தான் உனக்கு" என்றார்கள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அடக்கமாக இருப்பது போல் இருந்தேன். என்ன தைரியம்? அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அந்தப்புறம், செத்துப்போய் எண்பது வருஷமான ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன். ஆனால் அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மதிப்பை ஒரு நாள் சாயங்காலம் மூன்று பெண்கள் வந்து இறக்கி வைத்தார்கள். கடலோரக் குப்பத்திலிருந்து தலையில் மீன் சுமந்து வந்து விற்கிறவர்கள். காலிக் கூடைகளோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். அவர்களில் மூத்தவள், உயரமாக, வெற்றிலைச் சிவப்பு வாயோடு இருந்தவள், என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"டீச்சரம்மா, எங்க கொட்டாயைப் பத்தி எழுதினது நீங்கதானா?"

"எந்தக் கொட்டாய், அக்கா?"

"பேப்பர்ல வந்துச்சாமே. கட்டறேன் கட்டறேன்னு கட்டி முடிக்காத கட்டடம், பெரியவரோட சொந்தக்காரங்க சாமானைத் தூக்கிட்டுப் போனதுன்னு. டீக்கடையில படிச்சாங்க. எங்க மீன் கொட்டாய்தானே அது?"

அது நியூயார்க் நீதிமன்றம் என்று சொன்னேன். நீதிமன்றம் என்றால் என்ன, நியூயார்க் என்றால் எங்கே என்றெல்லாம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க கொட்டாயை நீங்க பார்த்ததே இல்ல?"

"இல்லீங்க அக்கா."

"இங்கேருந்து நடந்தா அரை மணி நேரம்கூட ஆகாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாதவளுக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அது கோபத்தைவிட அதிகமாக உறைத்தது.

மறுநாள் போனேன், நானாவையும் அழைத்துக்கொண்டு. குப்பத்துக்குப் போகும் சாலையோரத்தில் பத்துத் தூண்கள் நின்றன. மேலே மூங்கில் சட்டம்கூட அடித்திருந்தது. கூரை இல்லை. தூண்களுக்கு நடுவே பெண்கள் வெயிலில் உட்கார்ந்து, ஒரு கையால் பனையோலையை மீனுக்கு மேலே பிடித்துக்கொண்டு மறு கையால் வியாபாரம் செய்தார்கள். தங்கள் தலைக்கு மேல் யாரும் எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை. சித்திரை மாத வெயில்.

"ஓடு வந்துச்சு" என்றாள் உயரமானவள். "ரெண்டு மாட்டுவண்டி நிறைய. நாங்களே இறக்கி வச்சோம். நாலு நாள் கழிச்சு அதே வண்டிங்க வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. அளவு சரியில்ல, மாத்திட்டு வர்றோம்னாங்க. போன வருஷம் மழைக்கு முன்னாடி."

"எங்க போச்சுன்னு தெரியுமா?" என்றார் நானா.

மூன்று பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி கையை நீட்டிக் காட்டினாள். வயலுக்கு அந்தப் பக்கம் மேரின் மைத்துனர் வீடு. வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு மாட்டுக் கொட்டகை. செக்கச்செவேலென்று ஓடு வேய்ந்து, மேலே பூசணிக்கொடி படர்ந்திருந்தது. ஆறு மாடுகள் நிழலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அச்சுக்கூடத்துக்குத் திரும்பி வந்ததும் நானா, "எழுதுங்க டீச்சர்" என்றார். "அமெரிக்கா வேணாம். இதை எழுதுங்க."

அன்றைக்குத்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அமெரிக்காவைப் பற்றி எழுதும்போது பேனா ஓடிய ஓட்டம் என்ன, இப்போது உட்கார்ந்த உட்காரல் என்ன! எட்டு வரி எழுத ஒரு முழு மாலை ஆயிற்று. நமுட்டுச் சிரிப்பு, உவமை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். குப்பத்துச் சாலையில் மீன் கொட்டகைக்குக் கூரை இல்லை, அதற்கு வந்த ஓடுகள் திரும்பிப் போயின, அவை இப்போது ஒரு மாட்டுக் கொட்டகையின் மேல் இருக்கின்றன, அந்தக் கொட்டகை இன்னாருடையது, இவ்வளவுதான். 'பெரியவர்' என்ற வார்த்தையே இல்லை. கொம்யூன் மேர் என்று எழுதினேன். அப்பாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்து, ஓர் ஒற்றெழுத்தை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அது வெளியானது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் காதோரம் வந்து எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு அச்சுக்கூடத்து ஜன்னலில் ஒரு கல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை நானாவின் மாமனார் வந்து சத்தம் போட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை என் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாடுகள் வெயிலில் நின்றன.

நானே போய்ப் பார்த்தேன். மீன் கொட்டகை மேல் நாலு பேர் ஏறி ஓடு வேய்ந்துகொண்டிருந்தார்கள். சில ஓடுகளில் பூசணிக்கொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்க்கக்கூட அவகாசம் இல்லை. ஒரு பூவோடு அப்படியே ஏற்றிவிட்டார்கள். அடுத்த ஞாயிறன்று மேர் மாலை போட்டுக்கொண்டு வந்து கொட்டகையைத் திறந்து வைத்தார். இந்தத் தாய்மார்களின் கஷ்டத்தைப் பார்த்துத் தமக்கு ஒரு வருஷமாகத் தூக்கம் இல்லை என்று பேசினார். நானா அதையும் ஒரு வரி விடாமல் போட்டார். முதல் பக்கத்தில், படம் இல்லாமல்.

பிறகு தேர்தல் வந்தது. நியாயம் ஜெயிக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மேர் முன்னைவிட அதிக வோட்டு வாங்கி ஜெயித்தார். குப்பத்து வோட்டு மொத்தமும் அவருக்கே. எனக்குத் தாங்கவில்லை. மீன் வாங்கப் போனபோது உயரமானவளைக் கேட்டேவிட்டேன்.

"என்னக்கா இது? எல்லாம் தெரிஞ்சும் அவருக்கே போட்டிருக்கீங்களே?"

"எதிர்த்து நின்ன ஆளு யாருன்னு பார்த்தீங்களா? அவன் எங்க குப்பத்துப் பக்கம் வந்ததே இல்ல. இவரு எம்மவன் செத்தப்ப வந்து நின்னாரு. ராத்திரி முழுக்க இருந்தாரு." மீனைச் சுத்தம் செய்துகொண்டே பேசினாள். "திருடினாரு, சரிதான். பேப்பர்ல வந்ததும் திருப்பிக் குடுத்துட்டாருல்ல? அடுத்தவாட்டி திருடினா நீங்க அடுத்தவாட்டி எழுதுங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

என் வேலை இன்னது என்று அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நியூயார்க்காரரும் பத்திரிகையில் எல்லாம் வந்த பிறகு ஒரு தேர்தலில் ஜெயித்தார் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன்.

மேர் எனக்கு வாக்குக் கொடுத்த மேல்படிப்பு வரவில்லை. அதற்குப் பதில் அம்பகரத்தூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தினமும் பஸ். தண்டனை என்றுதான் நினைத்து அனுப்பியிருப்பார்கள். பஸ்ஸில் கிடைக்கும் செய்தி ஒரு நாளிதழுக்கே போதும் என்று அவர்களுக்குத் தெரியாது. எந்த வாய்க்காலில் மதகு உடைந்தது, எந்தக் கிணற்றுக்குக் கயிறு இல்லை என்று எட்டெட்டு வரியாக எழுதி வாரா வாரம் நானாவிடம் கொடுத்தேன். அமெரிக்கத் தொடர் பாதியிலேயே நின்றுபோயிற்று. யாரும் கேட்கவில்லை.

ஒருவரைத் தவிர. அம்பகரத்தூர் அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு நாள் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. மேர்தான். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மத்மசேல், அந்த அமெரிக்காக்காரன் கடைசியில என்ன ஆனான்?"

எனக்குச் சொல்ல மனமில்லை. "ஜெயிலுக்குப் போனாருங்க ஐயா."

"தப்பிக்கலையா?"

"தப்பிச்சு ஸ்பெயின் தேசத்துக்குக் கப்பல்ல போனாரு. அங்க அடையாளம் கண்டு பிடிச்சுட்டாங்க. பத்திரிகையில போட்ட படத்தை வச்சு."

"படத்தை வச்சா?" மேர் தம் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "அப்புறம்?"

"திருப்பி அனுப்பிட்டாங்க. ஜெயில்லயே செத்துப்போயிட்டாரு."

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் நிஜமான துக்கம் இருந்தது. தூரத்துச் சொந்தம் ஒருவர் தவறிவிட்ட சேதி கேட்டவர் போல நின்றார்.

"ரொட்டி குடுத்தான்னு எழுதியிருந்தீங்களே, கப்பல்ல வந்த ஏழைங்களுக்கு. அவங்க யாரும் போய்ப் பார்க்கலையா, ஜெயில்ல?"

புத்தகத்தில் அது இல்லை என்றேன்.

"புத்தகம் எழுதினவன் விட்டிருப்பான்" என்றார் மேர். "போயிருப்பாங்க. கண்டிப்பா போயிருப்பாங்க."

பிறகு என் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். கடைசி பஸ்ஸில் கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைக்காது என்றார். கண்டக்டரைக் கூப்பிட்டு, டீச்சரம்மாவுக்கு ஜன்னலோரம் ஓர் இடம் வைக்கச் சொல்லி, தடியை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். அந்த இடத்தில் உட்காரலாமா கூடாதா என்று நான் வெகுநேரம் யோசித்தேன். கால் வலித்தது. உட்கார்ந்துதான் வந்தேன்.